எழுத்துச் சரத்தைச் சமகூறிடல்

கணினிக்குச் செய்நிரல் எழுதப் புகும் மாணாக்கர்க்குத் தொடக்கத்திலேயே தரப்படும் பயிற்சிகளுள் ஒன்று, நீண்டதோர் எழுத்துச் சரத்தை ஒத்த அளவினவாகிய துண்டுகளாகப் பகுத்தல் ஆகும். எளிதெனத் தோன்றும் இப்பயிற்சி, தமிழ்ச் சரமொன்றை எடுத்துக்கொண்டவுடன் இலக்கண வினாவொன்றை நம்முன் நிறுத்துகின்றது. எதனை ஒன்றென எண்ணுவது என்பதே அவ்வினா. முதலிற் பகுக்கும் முறையையும், பின்னர் அவ்வினாவையும் ஈண்டு ஆராய்வாம்.

சரம் என்பது, நாரிலே பூக்களைத் தொடுத்தாற்போலக் குறிகளை வரிசைப்படத் தொடுத்து வைத்ததாகும். ஒவ்வொரு குறிக்கும் ஓர் இடவெண் உண்டு. பைதன் முதலாய பல கணினி மொழிகளில் அவ்வெண் 1 இல் அன்றி 0 இல் தொடங்கும். 1234567890 என்னும் பத்து இலக்கச் சரத்தை மும்மூன்றாகப் பகுக்க வேண்டுமெனக் கொள்வோம். துண்டுகள் தொடங்கும் இடங்கள் 0, 3, 6, 9 என்பன. அவ்விடங்கள் ஒவ்வொன்றிலும் நின்று, அங்கிருந்து மூன்று குறிகளை வெட்டியெடுத்துப் பட்டியலிற் சேர்த்தல் வேண்டும். பைதனில் வெட்டுமிடத்துத் தொடக்க இடம் உள்ளடங்கும், முடிவிடம் உள்ளடங்காது. ஆதலின் 0 முதல் 3 வரை எனின், 0, 1, 2 என்னும் மூன்று இடங்களே கொள்ளப்படும். இவ்வாறு செய்ய 123, 456, 789, 0 என நான்கு துண்டுகள் கிடைக்கும்.

இங்கே மாணாக்கர் மனங்கொள்ள வேண்டியன மூன்று. முதலாவது, எஞ்சிய துண்டு. பத்து, மூன்றால் மீதியின்றி வகுபடாமையின் இறுதித் துண்டு குறுகி நின்றது. அதனை அவ்வாறே விடுவதா, வெற்றிடமிட்டு நிரப்புவதா, சரத்தையே ஏற்க மறுப்பதா என்பதைச் செய்நிரல் எழுதுவோன் முன்னரே துணிதல் வேண்டும். இரண்டாவது, துண்டுகளின் தொகை. சரத்தின் நீளத்தோடு துண்டின் நீளத்தைக் கூட்டி, ஒன்றைக் கழித்து, துண்டின் நீளத்தால் வகுத்து, மீதியைத் தள்ளினால் அத்தொகை பெறப்படும். மேற்காட்டிய சரத்தில் 10 உடன் 3 ஐக் கூட்டி 1 ஐக் கழிக்க 12; அதனை 3 ஆல் வகுக்க 4. மூன்றாவது, துண்டின் நீளம் சுழியமாதல் ஆகாது. ஆயின், அடியெடுத்து வைக்க இயலாமல் தொடக்க இடத்திலேயே வேலை நின்றுவிடும்.

இனித் தமிழுக்கு வருவோம். யாழ்ப்பாணம் என்னும் சொல்லில் எழுத்துக்கள் எத்தனை? யா, ழ், ப், பா, ண, ம் என ஆறு என்று கீழ்வகுப்புச் சிறாரும் கூறுவர். கணினியோ பதினொன்று என்னும். யாங்ஙனமெனின், யுனிக்கோட்டு முறையில் அகரமேறிய எழுத்தே அடிப்படைக் குறியாகும். காலும் கொம்பும் புள்ளியும் அதன் பின்னே தனித்தனிக் குறிகளாய் வந்து நிற்கும். நம் இலக்கணத்தில் மெய்யே முதல். அகரம் ஏறியபின் பிறப்பதே உயிர்மெய். கணினியிலோ க என்பது ஒரு குறி. க் என்பது இரண்டு. முறை தலைகீழாயிற்று.

இப்பதினொரு குறிகளையும் மும்மூன்றாக வெட்டினால் விளைவது யாது? முதற்றுண்டு யாழ என நிற்கும். ழகரத்துக்குரிய புள்ளி அதனைப் பிரிந்து, தாங்குவார் இன்றி இரண்டாந் துண்டின் தலையிற் போய் விழும். கணினி பிழையென்று ஒன்றும் உரையாது. அதன் கணக்குச் சரியானதே. சிதைந்தது சொல்.

எண்ணுமுன் எதனை எண்ணுவதெனத் துணிதல் நம்மவர்க்குப் புதிதன்று. கட்டளைக் கலித்துறை பாடுவோர், ஒற்றெழுத்தை நீக்கி, நேரசையில் தொடங்கும் அடிக்குப் பதினாறெழுத்தும் நிரையசையில் தொடங்கும் அடிக்குப் பதினேழெழுத்தும் கொள்வர். தமிழ் என்னும் ஒரு சொல்லையே நோக்குக. அந்த யாப்பின் கணக்கில் அஃது இரண்டு, எழுத்ததிகாரக் கணக்கில் மூன்று, யுனிக்கோட்டுக் குறிகளின் கணக்கில் ஐந்து, யூ.ரி.எப். 8 முறையிற் சேமிக்கப்படும் பைற்றுக்களின் கணக்கிற் பதினைந்து. நான்கும் மெய்யே. கருதிய பயனுக்கு ஏற்ற அலகு எதுவோ அதனைத் தேர்வதே அறிவு.

ஆகவே தமிழ்ச் சரத்தைப் பகுக்க இரு படிகள் வேண்டும். முதற்படியில் குறிகளை ஒவ்வொன்றாக நோக்குக. வந்தது கால், கொம்பு, விசிறி, புள்ளி முதலாய சார்ந்து நிற்குங் குறியாயின், அதனை முன்னுள்ள எழுத்தோடு சேர்க்க. அன்றாயின், புதிய எழுத்தாகத் தொடங்குக. கெ என எழுதுமிடத்து நாம் கொம்பையே முதலில் இடுகின்றோம். எனினும் கணினியின் உள்ளே ககரமே முன்னும் கொம்பு பின்னுமாக நிற்குமாதலின், இவ்விதி அங்கும் பிழைபடாது. கொ என்பது சிலவிடத்து இரு குறிகளாகவும் சிலவிடத்து மூன்று குறிகளாகவும் சேமிக்கப்பட்டிருக்கும். இரண்டையும் இவ்விதி ஓரெழுத்தாகவே சேர்த்துவிடும். க்ஷ, ஸ்ரீ போன்ற வடவெழுத்துக் கூட்டுக்களுக்கு மட்டும் தனிவிதி வகுத்தல் வேண்டும். இரண்டாம் படியில், இவ்வாறு பெற்ற எழுத்துப் பட்டியலை முன்கூறிய முறையால் வெட்டுக. யாழ்ப், பாணம் என ஒத்த இரு துண்டுகள் குறைவின்றிக் கிடைக்கும்.

இது வெறும் வகுப்பறைப் பயிற்சியன்று. கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தி ஒன்றின் கொள்ளளவு 140 பைற்று, அதாவது 1120 பிற்று. ஆங்கிலக் குறி ஒன்றுக்கு 7 பிற்று ஆதலின் 160 குறிகள் அடங்கும்; தமிழ்க் குறி ஒன்றுக்கு 16 பிற்று ஆதலின் 70 குறிகளே அடங்கும். நீண்ட தமிழ்ச் செய்தியைப் பல குறுஞ்செய்திகளாகத் தாமே பகுத்து அனுப்பச் செய்நிரல் எழுதுவோர், குறிகளை எண்ணி எழுபதாவதில் வெட்டுவாராயின், ஒரு செய்தியின் ஈற்றெழுத்து உருவிழப்பதும், அடுத்தது காலோடோ புள்ளியோடோ தொடங்குவதும் நேரும். இங்கே குறிகளின் தொகையையும் மறத்தல் ஆகாது. எழுத்தின் எல்லையையும் மீறுதல் ஆகாது. எழுபதைக் கடவாது, முழு எழுத்து முடியும் இடத்தில் வெட்டுதலே நெறி.

தமிழ் இலக்கணங் கற்ற மாணாக்கர் கணினிக் கல்வி தமக்கு அயலானதென்று ஒதுங்குவதை நாம் காண்கின்றோம். அஃது வேண்டா. குறிகளை எண்ணக் கணினி வல்லது. எழுத்து இன்னதென அதற்கு உரைக்க வேண்டியவர் எழுத்தறிந்தோரே. நம் ஊர்ப்பெயரும் மக்கட்பெயரும் திரையிலே சிதையாது தோன்ற வேண்டின், எழுத்ததிகாரமும் செய்நிரலும் ஒரே கையில் அமைதல் வேண்டும். இக்கல்லூரி மாணாக்கர் இரண்டையும் ஒருங்கே பயில்வாராக.