வாங்குபவர் வாடிக்கையாளராகும் வழி

ஒருமுறை பொருள் வாங்கிச் செல்பவர் வாங்குபவர். மீண்டும் வருவதை வாடிக்கையாகக் கொண்டவரே வாடிக்கையாளர். முன்னவரைப் பின்னவராக ஆக்குவது எவ்வாறு என்பது சிறுதொழில் புரியும் ஒவ்வொருவரும் எதிர்கொள்ளும் வினா. தொழிற்கடன் வழங்கும் எங்களுக்கும் அதில் அக்கறை உண்டு. மீண்டும் வருபவர்கள் இருந்தால்தான் தவணையும் தவறாமல் வரும்.

மும்பைக் கிளையொன்றில் நான் பணியாற்றியபோது, முத்ரா திட்டத்தின்கீழ்க் கடன் பெற்று இட்லிப்பொடி, சாம்பார்ப்பொடி வகைகளைத் தயாரித்து விற்றுவந்த அம்மையார் ஒருவர், இரண்டு தவணைகள் தவறிய நிலையில் என்னைக் காண வந்தார். “நாள்தோறும் எல்லோருக்கும் செய்தி அனுப்புகிறேன், சார். ஒருவரும் பதில் அனுப்புவதில்லை” என்றார். அவர் காட்டிய கைப்பேசியில், ‘இன்று தள்ளுபடி’, ‘இன்றே வாங்குங்கள்’ என்னும் அறிவிப்புகளே நிறைந்திருந்தன. அவற்றில் விற்பவரின் தேவை தெரிந்தது. வாங்குபவரின் தேவை எங்கும் இல்லை.

அவருக்கு நான் கூறியது பிரான்சு நாட்டு மிஷ்லான் டயர் நிறுவனத்தின் வரலாறு. 1900-ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஓடிய மோட்டார் வாகனங்கள் சில ஆயிரமே. மக்கள் தொலைதூரம் பயணம் செய்தால்தான் டயர் தேயும். தேய்ந்தால்தான் புதியது விற்கும். அவ்வாண்டில் ஆந்த்ரே, எதுவார் என்னும் மிஷ்லான் சகோதரர்கள் வாகன ஓட்டிகளுக்கான கையேடு ஒன்றை அச்சிட்டு இலவசமாக வழங்கினர். டயரைக் கழற்றி மாட்டும் முறை, பெட்ரோல் கிடைக்கும் இடங்கள், பழுது பார்ப்போர், தங்கும் விடுதிகள் ஆகிய விவரங்கள் அதில் இடம்பெற்றன.

அதன் முன்னுரையில் ஒரு வேண்டுகோளும் ஓர் உறுதிமொழியும் இருந்தன. பயணிகள் தாம் கண்டவற்றை எழுதியனுப்புமாறு சகோதரர்கள் கேட்டுக்கொண்டனர். உணவு, அறை, கழிப்பறை, பணிவிடை ஆகியவற்றில் குறையுள்ளதாகத் தெரிவிக்கப்படும் விடுதிகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதாக உறுதியளித்தனர். இவ்வாறு, படிப்பவரும் கையேட்டைத் திருத்துவதில் பங்குதாரர் ஆனார். 1920-இல் கையேட்டுக்கு விலை வைக்கப்பட்டது. 1926-இல் சிறந்த உணவகங்களுக்கு விண்மீன் குறியிடும் வழக்கம் தொடங்கியது. டயர் விற்பதற்காகத் தோன்றிய அக்கையேடு, இன்று டயர் வாங்காதவரும் நாடும் ஒன்றாக விளங்குகிறது.

இவ்வரலாற்றிலிருந்தும் எம் அனுபவத்திலிருந்தும் சிறுதொழில் முனைவோர் கொள்ளத்தக்கவை நான்கு.

முதலாவது, பயனுள்ளதைச் சொல்லுதல். பொருளை வாங்காதவருக்கும் உதவும் செய்தியே படிக்கப்படும். பொடி விற்பவர் பொடியைக் கெடாமல் பாதுகாக்கும் முறையைக் கூறலாம். துணி விற்பவர் சாயம் போகாமல் துவைக்கும் முறையைக் கூறலாம்.

இரண்டாவது, காலந்தவறாமை. நாள்தோறும் அனுப்பிச் சலிப்பூட்டுவதைவிட, வாரம் ஒருமுறை, குறித்த நாளில், சுருக்கமாக அனுப்புவது மேல்.

மூன்றாவது, குறையைக் கேட்டு விடையளித்தல். குறை கூறுபவர் இன்னும் நம்மை விட்டு விலகவில்லை. ஒன்றும் கூறாதவரே பெரும்பாலும் விலகிவிடுகிறார். குறை கேட்பதோடு நில்லாமல், அதன்மீது என்ன செய்தோம் என்பதையும் தெரிவிக்க வேண்டும்.

நான்காவது, இசைவு பெறுதல். வாடிக்கையாளரின் கைப்பேசி எண் அவர் நம்மிடம் ஒப்படைத்த பொருள். 2023-ஆம் ஆண்டின் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இசைவையே அடிப்படையாகக் கொண்டுள்ளது. வேண்டாம் என்பவரின் எண்ணை உடனே நீக்கிவிடுக. ஓடிபி, அட்டை எண் போன்றவற்றை எவரிடமும் கேட்கலாகாது.

அந்த அம்மையார் தள்ளுபடி அறிவிப்புகளை நிறுத்தினார். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சமையற்குறிப்பு மட்டும் அனுப்பினார். மழைக்காலத்தில் ஒருவர், சாம்பார்ப்பொடி கட்டிபட்டுவிட்டதாக எழுதினார். அம்மையார் வேறு பொட்டலம் கொடுத்தனுப்பினார். அதோடு, நேர்ந்த குறையையும், உறையைத் தடிப்பானதாக மாற்றியதையும் மறைக்காமல் அனைவருக்கும் தெரிவித்தார். அவ்வாரம்தான் முதன்முதலாகப் பதில்கள் வந்தன. ஒருவர் தம் தாயார் பொடியை வறுக்கும் பக்குவத்தை எழுதினார். மற்றொருவர் அதில் ஐயம் கேட்டார். விற்பவர் தலையிடாமலேயே வாங்குபவர்கள் தமக்குள் பேசத் தொடங்கினர்.

கணக்கேட்டில் புதிதாக வாங்கியவர், மீண்டும் வாங்கியவர் என இரு பத்திகள் இடுமாறு அவரிடம் கூறியிருந்தேன். தொடக்கத்தில் இரண்டாம் பத்தி ஏறக்குறைய வெறுமையாகவே இருந்தது. சில மாதங்களில் அது முதற்பத்தியைவிட நீண்டது. நிலுவைத் தவணைகளும் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன.

அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் கணக்கேட்டிலும் அவ்விரு பத்திகளை இன்றே இட்டுப் பாருங்கள். உங்கள் தொழிலின் வலிமையை இரண்டாம் பத்தி காட்டிவிடும்.