விலைப்பிழையும் கொள்வோர் கடமையும்

மக்கள் கூடி வாழும் இடத்தில் சந்தை தோன்றுகின்றது. சந்தை நிலைபெறுதற்கு நம்பிக்கை வேண்டும். சொன்ன விலைதான் வாங்கும் விலை என்னும் துணிவு இன்றேல் ஒரு நாளும் வாணிகம் நடவாது. காவிரிப்பூம்பட்டினத்தின் பொருட்பெருக்கை விரித்துரைக்கும் பட்டினப்பாலை, அந்நகர வணிகரின் நடுவுநிலையையும் உடன்வைத்துப் போற்றுவது இதனாலேயே. வள்ளுவரும் நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வணிகரையே எடுத்துக்காட்டினர். அந்நாளிற் பிழை நேர்ந்தால் அது பெரும்பாலும் துலாக்கோலில் நேரும்; கண்ணாற் கண்டு தெளியலாம். இந்நாளிலோ பிழை கணினியில் நேர்கின்றது, கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆகவே அதனை ஆராய்தல் நம்மனோர்க்கு இன்றியமையாததாகும்.

நம் மாணவர் பலர் நாள்தோறும் வந்துசெல்லும் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களை நோக்குவோம். தெருமுனை மளிகைக் கடையிற் சிட்டைப் புத்தகம் வைத்துப் பொருள் வாங்கிய குடும்பங்கள் பல, இன்று பேரங்காடிகளில் வண்டி தள்ளிச் சென்று கல்லாவின்முன் வரிசையில் நிற்கின்றன. மளிகைக் கடையிற் கூட்டல் தவறினால், “அண்ணாச்சி, கணக்கை இன்னொரு முறை பாருங்கள்” என்று கூசாமற் சொல்லும் நாம், பேரங்காடியில் வாய்மூடி நிற்கின்றோம். பொறி பொய் சொல்லாது என்னும் எண்ணம் ஒருபுறம். பின்னால் நிற்பவர் முகஞ்சுளிப்பரே என்னும் நாணம் மற்றொருபுறம்.

பொறி பொய் சொல்லாது என்பது மெய்தானா? பொட்டலத்தின்மேல் கருங்கோடுகளாகக் காணப்படும் பார்கோடு, 1974 ஜூன் 26 அன்று அமெரிக்க நாட்டு ஒஹாயோ மாநிலத்து டிராய் நகரில், ஒரு சூயிங்கம் பொட்டலத்தை விற்றபோது முதன்முதற் கடை வழக்கிற்கு வந்தது. பொருளின் விலை அக்கோடுகளில் அடங்கியிருக்கின்றது என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அஃது அவ்வாறன்று. பொதுவாக அக்கோடுகளில் இருப்பது பொருளைச் சுட்டும் ஓர் எண்ணே. விலை கடையின் கணினியில், கடையைச் சேர்ந்த ஒருவர் கையால் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றது. எனவே, பழைய விலை அச்சிட்ட சோப்பும் புதிய விலை அச்சிட்ட சோப்பும் ஒரே எண்ணைத் தாங்கி ஒரே தட்டில் இருக்குமாயின், இரண்டிற்கும் புதிய விலையே விழக்கூடும். தட்டில் “தள்ளுபடி” என்று எழுதிய விலை கணினிக்கு ஏறாதிருத்தலும், ஒரு பொருள் இருமுறை பதிவாதலும் உண்டு. பொறி பொய் சொல்லவில்லை. தனக்குச் சொல்லப்பட்டதைத் திரும்பச் சொல்கின்றது. பிழை மனிதருடையது, அதனைத் திருத்த வேண்டியவரும் மனிதரே.

இனிச் சட்டம் கூறுவதைக் காண்போம். சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் கீழ் அமைந்த 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள்கள் விதிகளின்படி, வரிகள் அனைத்தும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலையைப் பொட்டலத்தின்மேல் அச்சிடல் வேண்டும். நாம் எம்.ஆர்.பி. என்று வழங்குவது இதுவே. அதற்கு மேற்பட்ட விலைக்குச் சில்லறை வணிகர் விற்றலாகாது. அவ்விலையை அழித்தலும் ஆகாது. விலை குறையுமாயின் சீட்டு ஒட்டலாம். ஆயினும் முன்னைய விலையை அது மறைத்தல் கூடாது. தமிழ்நாட்டில் இவ்விதிகளைக் காக்கும் பொறுப்பு தொழிலாளர் துறையினுடையது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ இன்னும் ஒருபடி மேற்சென்று, பொட்டலத்திற் கண்ட விலைக்கு மிகுதியாகப் பெறுதலை மட்டுமன்றி, கடையிற் காட்டிவைத்த விலைப்பட்டியலுக்கு மிகுதியாகப் பெறுதலையும் முறையீட்டிற்கு உரியதாக்கியுள்ளது.

இச்சட்டம் ஏட்டுச் சுரைக்காயன்று என்பதற்குச் சென்னைப் புறநகரிலேயே சான்றுண்டு. 2023 டிசம்பரில் பொழிச்சலூர் அஞ்சலகத்திற் பதிவுத்தபால் அனுப்பச் சென்ற ஒருவரிடம், கட்டணம் ரூ. 29.50 ஆக இருக்க, ரூ. 30 பெறப்பட்டது. கணினியே அரை ரூபாயை முழு ரூபாயாக்கிவிடும் என்பது அஞ்சல் துறையின் விடை. அவர் காஞ்சிபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட்டார். 2024 அக்டோபரில் ஆணையம் அந்த 50 காசைத் திருப்பித் தருமாறும், இழப்பீடாக ரூ. 10,000-மும் வழக்குச் செலவாக ரூ. 5,000-மும் வழங்குமாறும் பணித்தது. அஞ்சலகம் கடையன்றாயினும், இத்தீர்ப்பின் கருத்து கடைகட்கும் பொருந்தும். கணினியின் பிழை என்பது ஒரு விளக்கமேயன்றி, பிறர் காசை வைத்துக்கொள்ளுதற்கு உரிமையாகாது.

வடநாட்டில் நிகழ்ந்ததும் ஒன்றுண்டு. சண்டிகரில் பாட்டா காலணிக் கடையொன்றில், ஒருவர் கேளாதிருக்கவும் காகிதப் பைக்கு 3 ரூபாய் சேர்த்து ரூ. 402 பெறப்பட்டது. 2019-ல் அங்குள்ள நுகர்வோர் மன்றம் அந்த 3 ரூபாயைத் திருப்பித் தரச்செய்ததோடு, கடையினர்மேல் மொத்தம் ரூ. 9,000 சுமத்தியது.

“ஐம்பது காசுக்கு வழக்கா? இஃது அற்பத்தனமன்றோ?” என வினவுவாரும் உளர். அன்னார் ஒரு சிறு கணக்கினைச் செய்து பார்ப்பாராக. ஒரு கடையில் நாளொன்றுக்கு ஆயிரம் பேரிடம் இரண்டிரண்டு ரூபாய் மிகுதியாகப் பெறப்படுவதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு ரூ. 2,000, ஓராண்டிற்கு ரூ. 7,30,000. கொடுத்த ஒவ்வொருவர்க்கும் அற்பம், பெற்றவர்க்கு அற்பமன்று. பெருந்தொகை பறிபோனால் எவரும் கேட்பர். சிறுதொகையாயிருப்பதனாலேயே ஒருவரும் கேளாது விடுகின்றனர். கேளாமையினாலேயே பிழை வழக்கமாகின்றது. அன்றியும், நாட்கூலியை எண்ணி எண்ணிச் செலவிடும் தொழிலாளியின் இல்லத்தில் இரண்டு ரூபாய் அற்பமன்று. கேட்கும் துணிவுடையார் கேட்டால், கேட்கும் துணிவில்லாதார்க்கும் விலை திருந்தும். ஆதலின் இது தன்னலமன்று, பொதுநலமேயாம்.

நிற்க. கேட்பதற்கும் முறையுண்டு. கல்லாவில் அமர்ந்திருக்கும் இளம்பெண் விலையை இட்டவளல்லள். அவளைச் சினந்து பேசுதல் தகாது. பில்லைக் கடையை விட்டு நீங்குமுன் படித்து, பொட்டலத்தைக் காட்டி, மேலாளரிடம் அமைதியாக உரைத்தால் பெரும்பாலும் அங்கேயே தீரும். தீராவிடின் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு. அதற்கும் மேல் மாவட்ட ஆணையம் உண்டு. ஆவடி, பூவிருந்தவல்லி வாழ்வோர்க்குத் திருவள்ளூர் ஆணையம் உரியது. இரண்டு ஆண்டுக்குள் முறையிடல் வேண்டும். வழக்கறிஞர் கட்டாயமில்லை. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் கட்டணமுமில்லை. நமது உரிமையின் எல்லையையும் அறிதல் வேண்டும். உணவுவிடுதியில் அமர்ந்து உண்பார்க்குத் தண்ணீர்ப் புட்டியை எம்.ஆர்.பி.க்கு மேற்பட்ட விலையில் வழங்குதல் குற்றமன்று என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. அங்கே பொருளோடு பணியும் விற்கப்படுகின்றது என்பது அதன் காரணம்.

நம்மவர் மிகுதியாய் வாழும் கனடாவில், 2002 முதல் பல கடைகள் தாமே விரும்பி ஓர் ஒழுங்கை ஏற்றுள்ளன. தட்டில் கண்ட விலைக்கு மேற்பட்டதைப் பொறி காட்டினால், பத்து டாலருக்கு மேற்படாத பொருளை விலையின்றியே கொடுத்துவிடுதல் அவ்வொழுங்காகும். பிழையைச் சுட்டுபவரைப் பகைவராகக் கருதாது, கடைக்கு உதவியவராகக் கருதும் பண்பு இதில் விளங்குகின்றது. நம் ஊர்ப் பேரங்காடிகளும் இதனை மேற்கொண்டால் அவற்றின் நற்பெயர் பெருகுமன்றிக் குறையாது.

இறுதியாக ஒன்று. பொறி எப்போதும் கடைக்காரர் பக்கமே சாய்வதன்று. இரண்டு பொருளுக்கு ஒன்றன் விலையே விழுந்து, நாமும் அதனைக் கண்டு, ஒன்றும் அறியாதார்போல் வெளியேறுவோமாயின், மிகுதியாகக் கொடுத்த நாளிற் கேட்பதற்கு நமக்கு என்ன முகம் இருக்கும்? குறைந்த காசு அன்று மாலை கல்லாவில் இருப்பவரின் கணக்கில் விழவும் கூடும். மிகுதியைக் கேட்கும் அதே வாய் குறைவையும் சொல்லுதல் வேண்டும். துலாக்கோலுக்கு இரண்டு தட்டுகள் உண்டு. இரண்டையும் ஒப்ப நோக்குவார்க்கே வினவும் உரிமை முழுதும் உரியதாகும்.