பெண்மக்களின் மார்பகப் புற்றுநோயும் ஆண்மக்களின் பொறுப்பும்

ரவாங் கடைத்தெருவில் வியாபாரம் செய்யும் நாம் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் சரக்குக் கணக்கு எடுக்கிறோம். லாரியின் இன்ஷூரன்ஸ் முடியும் தேதி நமக்கு மனப்பாடம். ஆனால், நம் இல்லத்தார் கடைசியாக எப்பொழுது உடற்பரிசோதனை செய்துகொண்டார் என்று கேட்டால், நம்மில் எத்தனை பேர் பதில் சொல்லுவோம்? இக்கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொண்டு இப்பாடத்தைத் தொடங்குகிறோம்.

மலேசியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வகிப்பது மார்பகப் புற்றுநோய். தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012 முதல் 2016 வரையிலான அறிக்கைப்படி, 27 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்நோய் வரக்கூடும். இதைவிடக் கவலை தரும் விஷயம் ஒன்றும் அதே அறிக்கையில் உண்டு. நோய் கண்டறியப்பட்ட பெண்களில் 100-க்கு ஏறத்தாழ 48 பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் வந்து சேர்ந்தார்கள்.

ஏன் இந்தத் தாமதம்? நம் வீடுகளில் வழக்கமாக நடப்பதைப் பார்த்தாலே போதும். மார்பில் சிறு கட்டி தென்படும், வலி இராது. வலிக்கவில்லையே என்று அவர் சும்மா இருந்துவிடுவார். பிறகு ரமலான் வியாபாரம், அடுத்து மகள் கல்யாணம். ஆண் டாக்டரிடம் காட்டுவதற்குக் கூச்சம். கணவரிடம் சொன்னால், "கடையில் ஆள் இல்லை, அடுத்த வாரம் பார்ப்போம்" என்பார். பணப்பெட்டியும் கார்ச் சாவியும் நம் கையில் இருக்கும்பொழுது, தாமதத்தின் பழியை அவர்மீது மட்டும் போடுவது நியாயமாகாது.

இனி, இந்நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும் வழிகளைக் கூறுவோம்.

முதலாவது, தாய்ப்பால். 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் வெளியிட்டார்கள். ஒரு பெண் பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்திற்கும் அவருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு 100-க்கு 4 பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைகிறது என்று அதில் கண்டார்கள். பாலூட்டும் காலம் முழு இரண்டு ஆண்டு என்பதைத் திருக்குர்ஆனில் ஓதி வருகிறவர்கள் நாம். பால்மாவு டின்னைக் கடையில் விற்பது நம் வியாபாரம். தாய்க்கு ஓய்வும் நல்ல உணவும் கொடுத்து, பாலூட்ட வசதி செய்வது நம் கடமை.

இரண்டாவது, உடற்பருமன். மாதவிலக்கு நின்ற பிறகு, உடலின் கொழுப்பிலேதான் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் உண்டாகிறது. அது மிகுந்தால் நோய்க்கு இடமுண்டு. நெய்ச்சோற்றையும் இனிப்பான தே தாரேக்கையும் அளவோடு வைத்துக்கொண்டு, வாரத்திற்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்கவேண்டும். மாலையில் இருவரும் சேர்ந்து நடந்தால் இருவருக்கும் நன்மை.

மூன்றாவது, மாதவிலக்கு நின்றபின் வரும் தொந்தரவுகளுக்காக உட்கொள்ளும் ஹார்மோன் மாத்திரைகள். இவற்றில் சிலவகைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்தால் நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. டாக்டரின் யோசனையின்றி அவற்றை வாங்கிச் சாப்பிடலாகாது. மதுவும் இந்நோய்க்கு ஒரு காரணமே. அது நம் இல்லங்களில் இல்லை.

நான்காவது, பரம்பரை. இந்நோயில் 100-க்கு 5 முதல் 10 வரை பரம்பரையாக வருவது. அதற்குக் காரணமான இரண்டு மரபணுக்கள் 1994-லும் 1995-லும் கண்டுபிடிக்கப்பட்டன. அவை தாய்வழியில் மட்டுமே வரும் என்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. தகப்பன் வழியாகவும் அவை மகளுக்கு வரும். ஆகவே, உங்கள் உம்மாவுக்கோ சகோதரிக்கோ இளவயதில் இந்நோய் வந்திருந்தால், அதை உங்கள் மகளுக்கும் டாக்டருக்கும் மறைக்காமல் சொல்லுங்கள். சம்பந்தம் தடைப்படும் என்று மூடிவைப்பது மகளின் உயிரோடு விளையாடுவதாகும்.

இவை யாவையும் ஒழுங்காகச் செய்தவருக்கும் நோய் வரலாம். இந்நோய் காண்பவரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பெண்ணாயிருப்பதும் வயதும் தவிர வேறு தனிக்காரணம் இருப்பதில்லை. எனவே பரிசோதனை அவசியம்.

இதற்கு மும்பாய் நல்ல சான்று. அங்குள்ள டாட்டா நினைவு மருத்துவமனை 1998-இல் குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரையிலான ஒன்றரை லட்சம் பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கியது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரை, பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். அவர்கள் டாக்டர்கள் அல்லர். 2021-இல் வெளியான முடிவின்படி, 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களிடையே இந்நோயால் நேரும் மரணம் 100-க்கு ஏறத்தாழ 30 குறைந்திருந்தது. இளையவர்களிடம் அத்தகைய குறைவு காணப்படவில்லை.

நம் நாட்டில் அரசாங்க சுகாதாரக் கிளினிக்குகளில் தாதியர்களே இப்பரிசோதனையைச் செய்கிறார்கள். ஆதலால் கூச்சத்திற்கு இடமில்லை. 50 வயதைக் கடந்தவர் இரண்டாண்டுக்கு ஒருமுறை மெமோகிராம் படம் எடுத்துக்கொள்ளுவது நல்லது. குடும்பத்தில் நோய் இருந்தால் எப்பொழுது தொடங்குவது என்பதை டாக்டரிடம் கேட்கவேண்டும். கடையில் வேலைசெய்யும் பெண்களுக்கு நாம் சொக்சோ சந்தா கட்டுகிறோம் அல்லவா? 40 வயதான சந்தாதாரர்களுக்கென 2013-இல் சொக்சோ தொடங்கிய இலவசப் பரிசோதனையில் மெமோகிராமும் சேர்ந்தது. அதுபற்றி அவர்களுக்கு எடுத்துச் சொல்லி, போய்வர விடுமுறையும் கொடுக்கவேண்டும்.

மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்ளிழுத்தல், இரத்தக் கசிவு இவற்றில் எது தென்பட்டாலும் காத்திருக்கலாகாது. பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. ஆனால் அதைத் தீர்மானிக்கவேண்டியவர் டாக்டரே.

கிளினிக்குகள் திறந்திருப்பது வேலைநாட்களில். அதனால் நமக்கு அரைநாள் வியாபாரம் போகும். போகட்டும். வருகிற வாரம் ஒருநாள் காலையில் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, இல்லத்தாரை நாமே அழைத்துச் செல்வோமாக.