துப்பாக்கி என்றாலும் தச்சுவேலைதான்

பழைய கைத்துப்பாக்கிகளில் என் மனசுக்குப் பிடித்தது ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி 1805 மாடல். அமெரிக்க அரசு தன் சொந்தப் படைக்கலச்சாலையில் செய்த முதல் கைத்துப்பாக்கி அது. 1806 முதல் 1808 வரை 4,000 சொச்சம்தான் செய்தார்கள். அந்நாட்டு ராணுவப் போலீஸின் சின்னத்தில் குறுக்கே கிடக்கும் ஜோடி இதுதான். அதன் சாயலில் ஒன்று செய்தேன். சுடுவதற்கல்ல, சுவரில் மாட்ட. குழலுக்குப் பதில் துளையில்லாத கெட்டி இரும்பு. புதிதாக இறங்குகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். வெடிமருந்துத் தலைவலி போய்விட்டால் மிச்சமெல்லாம் தச்சுவேலை.

வால்நட் பலகையை அழகு பார்த்து வாங்காதீர்கள். பிடி வளைகிற இடத்தில் மர ரேகையும் கூடவே வளைய வேண்டும். குறுக்கே ஓடினால் அங்கேதான் முறியும். வடிவத்தை அட்டையில் வெட்டி, பலகைமேல் நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிட்டுக் கோடு போடுங்கள்.

முதலில் குழல், அடுத்து பூட்டு (சக்கிமுக்கிக் கல்லை எஃகில் மோதிப் பொறி உண்டாக்கும் அமைப்பு), அப்புறம் விசை, வெளிவடிவம் கடைசி. பூட்டிலுள்ள மருந்துக் கிண்ணி குழலின் அடியை ஒட்டி உட்கார வேண்டும், விசை பூட்டுக்குள் இருக்கும் கொண்டியைத் தொட வேண்டும். வெளியே முன்கூட்டிச் செதுக்கிவிட்டால், உள்ளே ஒரு நூல் தள்ளக்கூட இடமிருக்காது.

பூட்டைப் பதிப்பதுதான் இதில் சுகமான கஷ்டம். விளக்குப் புகைக்கரியை எண்ணெயில் குழைத்து (பாட்டிமார் கண்மை கூட்டிய அதே சரக்கு) தகட்டின் அடியில் மெல்லிசாகத் தடவுங்கள். குழியில் வைத்து லேசாகத் தட்டி எடுத்தால், இடிக்கிற மேடுகளில் மட்டும் கறுப்பு ஒட்டியிருக்கும். அதை மட்டும் உளியால் சீவ வேண்டும். மறுபடி தடவி, வைத்து, தட்டி, சீவி... முதலில் வெறும் தகடு. வில்லும் கொண்டியும் பிறகு ஒவ்வொன்றாக. தகட்டைச் சாய்த்து எடுத்தால் விளிம்பிலும் கறை படும். அதை நம்பிச் சீவினீர்களோ, சுற்றிலும் சந்து விழுந்துவிடும். நேராகத் தூக்கிப் பழகுங்கள்.

பொறி பறப்பதைப் பார்க்க ஆசை இருந்தால் ஒரு விஷயம்: எரிவது கல் அல்ல, கல் சுரண்டியெடுக்கும் எஃகுத் துகள். ஆகவே குதிரை (கல்லைக் கவ்வியிருக்கும் சுத்தி) போய் மோதும் தட்டு நன்றாகப் பதமேற்றிய எஃகாக இருக்கட்டும். கல்லைத் தோல் துண்டில் சுற்றிக் குதிரையின் வாயில் இறுக்குங்கள்.

செதுக்கும்போது பலருக்கும் கை கூசும். அசல் துப்பாக்கிகளை அருங்காட்சியகத்தில் பார்த்தால் பூட்டைச் சுற்றி மரம் எவ்வளவு ஒல்லி என்பது தெரியும். பிரதிகள் உலக்கைபோல் தெரிவதற்குக் காரணம் மரத்தை விட்டுவைப்பதுதான். உப்புத்தாளுக்கு அவசரப்பட வேண்டாம். அது கூரான விளிம்புகளை மழுக்கிவிடும். எஃகுத் தகட்டால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, எழும்பும் நாரைக் காய்ந்தபின் மறுபடி சுரண்டுங்கள்.

கடைசியில் ஆளிவிதை எண்ணெய், மெல்லிய பூச்சாகப் பலமுறை. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துப் போடுங்கள்.