மார்கழிக் குளிரில் ஆயில் எஞ்சினைக் காப்பது எப்படி?

கூரம், உத்திரமேரூர் வட்டாரங்கள் ஏரிப் பாசனத்திற்குப் பெயர் பெற்றவை. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில் கூரத்தில் ஏரி வெட்டப்பட்டதையும், பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொணரப் பெரும்பிடுகு என்னும் கால்வாய் அமைக்கப்பட்டதையும் கூரம் செப்பேடு கூறுகிறது. இன்றும் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பிவிட்டால் சம்பாவிற்கு மதகுத் தண்ணீரே போதும். கிணற்றடியில் உள்ள ஆயில் எஞ்சினுக்கு வேலை இல்லை. மின்மோட்டார் உள்ள நிலங்களிலோ ஆயில் எஞ்சின் மின்தடைக்கு உதவும் துணை மட்டுமே. எனவே மழைக்காலத்தில் அது பெரும்பாலும் ஓய்வில்தான் இருக்கிறது.

தை மாதம் நவரைப் பயிருக்கு நீர் இறைக்க முற்படும்போது, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அதன் அடியில் வெண்ணெய் போன்ற நுரை ஒட்டியிருப்பதைக் காணலாம். சிலர் இதைக் கண்டு அஞ்சி எஞ்சினையே பிரித்துவிடுகின்றனர். வேறு சிலர் துடைத்துவிட்டு ஓட்டத் தொடங்குகின்றனர். முன்னவருக்கு வீண் செலவு. பின்னவருக்குச் சில சமயம் எஞ்சினே வீண். இந்த நுரை எதனால் உண்டாகிறது, எப்போது அஞ்ச வேண்டும் என்பதை உழவர் பெருமக்கள் அறிந்திருப்பது நல்லது.

நீர் எங்கிருந்து வருகிறது?

மழைநீர் உள்ளே புகுந்துவிட்டது என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் அந்த நீரின் பெரும்பகுதி டீசலிலிருந்தே பிறக்கிறது. டீசலில் உள்ள ஐதரசன் காற்றிலுள்ள ஆக்சிசனோடு சேர்ந்து எரியும்போது நீராவி உண்டாகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவி வடிவில் வெளிப்படுகிறது. இதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். சிறு பகுதி பிஸ்டன் ரிங் இடுக்குகளின் வழியே கீழிறங்கி, ஆயில் நிற்கும் கிராங்க் கேசை அடைகிறது.

எஞ்சின் நன்கு சூடாக இருந்தால் இந்த ஆவி பிரீதர் வழியே வெளியேறிவிடும். எஞ்சின் குளிர்ந்திருந்தால், சோற்றுப் பானை மூடியின் அடியில் நீர் கோப்பது போல உட்சுவரில் துளிகளாகப் படியும். நம் பகுதியில் பனிக்கட்டி உறைவதில்லை. மார்கழி, தை இரவுகளில் வெப்பம் 20 டிகிரி செல்சியசை ஒட்டியே இறங்குகிறது. ஆயினும் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால், ஓயாமல் நிற்கும் எஞ்சினுக்குள்ளும் பனி இறங்குவது போல நீர் படியும்.

இந்த நீர் ஆயிலோடும் கரியோடும் கலந்து குழம்பாகிறது. குழம்பு நாளடைவில் இறுகி, ஆயில் செல்லும் சிறு துளைகளை அடைக்கிறது. பேரிங்குக்கு ஆயில் எட்டாமற் போனால் அது தேய்ந்து எரியும். 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து இலட்சம் பங்கில் 10 பங்குக்கு மேல் இருப்பதில்லை. ஆகவே அமில அரிப்பு முன்பைவிடக் குறைவு. ஆனால் நீரால் வரும் துரு குறையவில்லை.

இரண்டு நிமிட ஓட்டம் நன்மையா?

“எஞ்சின் கெட்டுப்போகாமல் இருக்கத் தினமும் இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்துகிறேன்” என்று கூறுவோர் உண்டு. இதனால் தீமையே மிகுதி. இரண்டு நிமிடத்தில் நீராவி உண்டாகிறது. அதை வெளியேற்றும் சூடு உண்டாவதில்லை. ஒவ்வொரு நாளும் சிறிது நீரை நாமே உள்ளே சேர்க்கிறோம். பால் கேனுடன் சங்கம் வரை மட்டும் சென்று திரும்பும் மோட்டார் சைக்கிளிலும் இதே நுரை காணப்படுவது இதனால்தான்.

கிணற்று நீரை நேரே விடலாமா?

பம்பு இறைக்கும் நீரின் ஒரு பகுதியைக் குழாய் மூலம் எஞ்சினுக்குள் விட்டுக் குளிர்விப்பது நம் வழக்கம். நீர் மிகுதியாகப் பாய்ந்தால் எஞ்சின் மணிக்கணக்கில் ஓடினாலும் சூடேறாது. டீசலும் கூடுதலாகச் செலவாகும். எஞ்சினிலிருந்து வெளிவரும் நீர் கை பொறுக்காத அளவு, ஏறத்தாழ 60 முதல் 70 டிகிரி வரை, சூடாக இருக்க வேண்டும். உள்ளே செல்லும் குழாயில் ஒரு வால்வு பொருத்தி, நீரின் அளவைக் குறைத்தால் போதும். 200 லிட்டர் பீப்பாய் வைத்து, சூடான நீர் மேலேறி, குளிர்ந்த நீர் கீழிறங்கித் தானே சுழலும்படி அமைப்பது இன்னும் சிறந்தது. பீப்பாயின் நீர்மட்டம் மேல் குழாய்க்கு மேலே இருக்க வேண்டும்.

நுரையா, கசிவா?

மூடியிலும் பிரீதரிலும் மட்டும் நுரை இருந்து, அளவுக் கம்பியில் ஆயில் தெளிவாக இருந்தால் அது ஈரத்தால் வந்தது. அஞ்ச வேண்டாம்.

ஆயில் முழுவதும் மோர் கலந்தது போல வெளுத்திருந்தாலோ, கம்பியில் அளவு கூடியிருந்தாலோ, ஓடும்போது வெளிவரும் நீரில் குமிழிகள் தொடர்ந்து வந்தாலோ, ஹெட் கேஸ்கட் அல்லது லைனர் ரப்பர் வளையத்தில் கசிவு இருக்கலாம். அளவு கூடி, டீசல் வாடை வீசினால் ஆயிலில் டீசல் கலக்கிறது என்று அறிக. இந்நிலைகளில் எஞ்சினை ஓட்டாமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

ஐயம் இருந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. சூடான பழைய தகட்டின் மீது ஆயிலில் ஒரு சொட்டு விடுக. நீர் இருந்தால் படபடவென வெடிக்கும். சற்றுத் தள்ளி நின்று செய்க.

செய்ய வேண்டியவை

1. ஓய்வுக் காலத்தில் 15 நாட்களுக்கு ஒரு முறை, நீர் இறைக்கும் சுமையுடன் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஓட்டுக. அவ்வாறு இயலாவிட்டால் இடையில் ஓட்டவே வேண்டாம்.

2. நுரை மட்டும் காணப்பட்டால் மூடியைத் துடைத்து, பிரீதரை டீசலில் கழுவி, எஞ்சினைச் சூடேற ஓட்டி, மறுநாள் மீண்டும் பார்க்க.

3. கையேட்டில் குறித்த மணிக்கணக்கு முடியாவிட்டாலும், மழைக்காலம் முடிந்ததும் ஆயிலை மாற்றுக. எஞ்சின் சூடாக இருக்கும்போதே வடித்தால் கசடும் சேர்ந்து வெளிவரும். வெளுத்த ஆயிலானால் எஞ்சினை ஓட்டாமலே வடிக்கவும்.

4. கையேட்டில் கூறிய தர ஆயிலையே ஊற்றுக.

5. டீசல் தொட்டியை நிரப்பி வைக்க. காலியிடத்திலும் பனிநீர் கோக்கும். அடியில் தேங்கும் நீரை அவ்வப்போது வடித்துவிடுக.

6. வடித்த ஆயிலைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டலாகாது.

நவரையில் கதிர் பிடிக்கும் நேரத்தில் இரண்டு நாள் தண்ணீர் தவறினாலும் விளைச்சல் குறையும். அந்த நாளில் மின்சாரம் நின்று, எஞ்சினும் நின்றுவிட்டால் பிறகு வருந்திப் பயனில்லை. ஆகவே ஓட்டினால் சூடேற ஓட்டுங்கள். தை பிறந்ததும் மூடியைத் திறந்து பாருங்கள்.