டீசல் பிக்கப்பில் ‘மிஸ்ஸிங்’: செலவு செய்யும் முன் சோதனை

தொழில் பாடம்

காய்கறி லோடு ஏற்றும் சகோதரர் ஒருவர் சென்ற மாதம் நம் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய பிக்கப் வண்டி ஐடிலில் உதறுகிறது, மேட்டில் இழுக்கவில்லை. காட்டிய இடத்தில் நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்லிவிட்டார்கள். அதற்காக வட்டியில்லாக் கடன் கேட்டு விண்ணப்பம் எழுதி வந்திருந்தார். வண்டி நின்றால் அன்றைய வருமானம் நிற்கும். மாதத் தவணை நிற்காது. நம் பயிற்சி வகுப்பில் பாடம் எடுக்கும் மெக்கானிக் பாய் வண்டியைப் பார்த்தார். டேங்கிலிருந்து ஃபில்டருக்கு வரும் ரப்பர் ஹோஸில் சிறு வெடிப்பு இருந்தது. ஹோஸையும் இரண்டு கிளிப்பையும் மாற்றியதும் வண்டி சரியாகிவிட்டது. விண்ணப்பத்தை அவரே திரும்ப வாங்கிக்கொண்டார்.

வண்டி வைத்துப் பிழைக்கும் சகோதரர்களுக்காக அந்தச் சோதனை முறையை இங்கே தருகிறோம்.

மிஸ்ஸிங் என்றால் என்ன?

பெட்ரோல் இன்ஜினைப் போல டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்று நன்றாக அழுத்தப்படும்போது அது கடுமையாகச் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசல் பீச்சப்பட்டதும் தானே பற்றிக்கொள்கிறது. எனவே போதிய கம்ப்ரஷன், சரியான அளவு டீசல், சரியான நேரம் ஆகிய மூன்றும் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது. மற்றவை அதன் சுமையையும் சேர்த்து இழுப்பதால்தான் வண்டி உதறுகிறது.

முதலில் கவனியுங்கள்

மிஸ்ஸிங் எப்போது வருகிறது? காலையில் மட்டும் வந்து, சூடானதும் போய்விட்டால் ஹீட்டர் பிளக்கையோ கம்ப்ரஷனையோ சந்தேகிக்கலாம். இரவு நிறுத்திய வண்டி காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடித்த பிறகே ஸ்டார்ட் ஆனால் டீசல் லைனில் காற்று புகுந்திருக்கலாம்.

புகையையும் பாருங்கள். கரும்புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். டீசல் வாடையுடன் வெண்புகை வந்தால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது. ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது.

செலவில்லாத சோதனைகள்

1. டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் சிறிது பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தங்கும். ஃபில்டர் மாற்றும் காலம் கடந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

2. ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப்பைப் பொருத்தி ஓடவிட்டுப் பாருங்கள். குமிழிகள் தொடர்ந்து ஓடினால் எங்கோ காற்று இழுக்கிறது. பம்ப் உறிஞ்சி இழுக்கும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகாமலும் இருக்கலாம். காற்று உள்ளே போகும். அதனால் ‘ஒழுகல் இல்லை’ என்று விட்டுவிடாதீர்கள்.

3. ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ், பேட்டரி எர்த், இன்ஜெக்டருக்குப் போகும் ஒயர் ஆகியவற்றைப் பாருங்கள். எலி கடித்த ஒயரும் மிஸ்ஸிங் தரும்.

எந்தச் சிலிண்டர்?

இதுதான் பாடத்தின் மையம். ஸ்கேனரில் ஒவ்வொரு சிலிண்டரின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். மிஸ்ஸிங் ஒரே சிலிண்டரில் நிலையாக நின்றால் அதன் இன்ஜெக்டர், ஒயர், கம்ப்ரஷன் ஆகியவற்றில் ஒன்றில் குறை இருக்கும். ஒருமுறை இதில், ஒருமுறை அதில் என்று மாறிக்கொண்டே இருந்தால், எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான டீசல் வரத்தில்தான் முதலில் தேட வேண்டும். அந்தச் சகோதரரின் வண்டியில் நடந்தது இரண்டாவது.

எச்சரிக்கை

பழைய வண்டிகளில் ஓடும் இன்ஜினிலேயே ஒவ்வொரு பைப் நட்டாகத் தளர்த்திப் பார்ப்பார்கள். காமன் ரெயில் வண்டியில் அதை ஒருபோதும் செய்யக் கூடாது. வண்டி டயரின் காற்று நான்கைந்து பார்தான். இந்தப் பைப்பில் அழுத்தம் 1600 பாரையும் தாண்டலாம். கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முதலில் ஊசி குத்தியது போலத்தான் தெரியும். ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரிடலாம். இன்ஜெக்டர் கனெக்டரையும் இன்ஜின் ஓடும்போது கழற்றாதீர்கள்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

இன்ஜெக்டரில் சந்தேகம் என்றால் ‘ரிட்டர்ன் சோதனை செய்தீர்களா?’ என்று கேளுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்னையும் தனித்தனிப் பாட்டிலில் பிடித்து, இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு அளப்பார்கள். மற்றவற்றைவிட மிக அதிகமாக நிரம்பும் பாட்டில் எதுவோ, அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்திருக்கிறது. அதைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் போட்டு உறுதி செய்த பிறகே மாற்ற வேண்டும்.

இன்ஜெக்டரைச் சுற்றிக் கருப்புத் தார் போலப் படிந்து, ‘சுஃப் சுஃப்’ என்று சத்தம் வந்தால் அடியில் உள்ள செம்பு வாஷர் கசிகிறது. கழற்றினால் வாஷர் புதிதாகப் போட வேண்டும். புதிய இன்ஜெக்டரில் குறியீட்டு எண் இருந்தால் அதை ஸ்கேனர் வழியாக வண்டியின் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். இல்லையென்றால் புதிய இன்ஜெக்டர் போட்டும் உதறல் நிற்காமல் போகலாம்.

இன்ஜெக்டரும் ஒயரும் நல்ல நிலையில் இருந்தால் கடைசியாகக் கம்ப்ரஷன் சோதனை. டீசலுக்கு உரிய கேஜில்தான் பார்க்க வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் மிகக் குறைவாகக் காட்டினால் வால்வு, ரிங், கேஸ்கெட் வேலை இருக்கிறது. அது பெரிய செலவு. அப்போது தயங்காமல் எங்களிடம் வாருங்கள்.

விண்ணப்பிக்கும் சகோதரர்களுக்கு

பழுது நீக்கக் கடன் கேட்பவர்கள் மேலே சொன்ன சோதனைகளில் எவை நடந்தன, என்ன முடிவு வந்தது என்று ஒரு தாளில் எழுதி இணைத்துத் தாருங்கள். இது உங்களைச் சந்தேகிப்பதற்காக அல்ல. வட்டியில்லாக் கடனும் கடன்தான்; தேவையில்லாத பாகத்துக்காக அதைச் சுமக்க வேண்டாம். ஒரு வண்டியில் மிச்சமாகும் பணம் இன்னொரு சகோதரரின் வண்டியை ஓடவைக்கும்.