செய்ததைச் சொல்லுதல்: தொழில்முறைத் தன்விவரம் எழுதும் முறை

கற்றல் நோக்கங்கள்

• இணையத் தொழில்தளத்தில் இடம்பெறும் தன்விவரத்தின் பகுதிகளை அறிதல்
• புகழ்ச்சொற்களை நீக்கி, செயல்களைக் கூறும் தொடர்களை எழுதுதல்
• வினைமுற்று உணர்த்தும் இடம், எண், காலம் ஆகியவற்றை உண்மைக்கு ஏற்பப் பயன்படுத்துதல்

நுழையும்முன்

வேலை தேடுவோர் முன்பு விண்ணப்பத்தை அஞ்சலில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தனர். இன்று வேலை தருவோரும் தமக்கு ஏற்றவரை இணையத்தில் தேடுகின்றனர். அவர்கள் நம்மை நேரில் காணும்முன் நம் எழுத்தையே காண்கின்றனர். அவ்வெழுத்து எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

ஒரு மாணவியின் பக்கம்

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பத்து மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். அவள் மின்பொறியியலில் பட்டயப்படிப்பு முடித்தவள். பீனியா தொழிற்பேட்டைக்கு அருகில் அவள் தந்தை பழுதான மின்மோட்டார்களுக்குக் காயில் கட்டித் தரும் கடை வைத்திருக்கிறார். படிப்பு முடிந்ததும் அவள் லிங்க்ட்இன் தளத்தில் தன் பக்கத்தைத் தொடங்கி, பின்வருமாறு எழுதினாள்:

“பட்டயப்படிப்பு முடித்தவர். கடின உழைப்பாளி. குழுவாகப் பணியாற்றும் திறன் மிக்கவர். நல்ல வாய்ப்பை எதிர்பார்க்கிறேன்.”

மாதங்கள் சில கடந்தன. எவரும் அவளைத் தொடர்பு கொள்ளவில்லை.

இக்குறிப்பில் எழுத்துப் பிழை இல்லை, பொய்யும் இல்லை. எனினும் இதைப் படிப்பவருக்கு அவளைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. ‘கடின உழைப்பாளி’ என்று எவரும் தம்மைக் கூறிக்கொள்ளலாம். எல்லார்க்கும் பொருந்தும் சொல் ஒருவரையும் அடையாளம் காட்டாது. மேலும், ‘மிக்கவர்’ என்று படர்க்கையில் தொடங்கியவள் ‘எதிர்பார்க்கிறேன்’ என்று தன்மையில் முடிக்கிறாள். பேசுபவர் யார் என்பதே குழப்பமாகிறது.

இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. மூன்று ஆண்டுகளாக விடுமுறை நாள்தோறும் அவள் தந்தையின் கடையில் வேலை செய்திருக்கிறாள். எரிந்துபோன மோட்டாரின் பழைய கம்பியைப் பிரிக்கும்முன் சுற்றுகளை எண்ணிக் குறித்துக்கொள்வாள்; புதிய செப்புக் கம்பியைச் சுற்றுவாள்; மெகர் என்னும் கருவியால் மின்காப்பைச் சோதிப்பாள். ஆனால், இவற்றுள் ஒன்றையும் அவள் எழுதவில்லை. ‘சொந்தக் கடையில் கைவேலை செய்ததெல்லாம் அனுபவம் ஆகுமா?’ என்னும் கூச்சமே காரணம். எதைச் சொல்ல அவள் கூசினாளோ, அதுவே தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவுக்குத் தேவையான திறன்.

முகப்பு வரி

பெயருக்குக் கீழே வரும் வரி முகப்பு வரி எனப்படும். வேலை தருவோர் தேடும்போது முதலில் காண்பவை பெயரும் படமும் இவ்வரியுமே ஆகும். லிங்க்ட்இன் தளத்தில் இதற்கு 220 குறியீடுகள் வரை இடம் உண்டு. ‘வேலை தேடுபவர்’ என்று மட்டும் எழுதினால் அவ்விடம் வீணாகும். வேலை தருவோர் தேடுபெட்டியில் இடும் சொற்கள் தொழிலின் பெயர், திறனின் பெயர், ஊரின் பெயர் ஆகியவையே. ஆகவே நம் மாணவியின் முகப்பு வரி இவ்வாறு அமையலாம்:

“மின்பொறியியல் பட்டயதாரர் | மும்முனை மோட்டார் பழுதுநீக்கமும் பராமரிப்பும் | பெங்களூரு”

இப்பக்கத்தைப் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் எழுதுவர். எம்மொழியில் எழுதினாலும் நெறி ஒன்றே.

‘என்னைப் பற்றி’ என்னும் பகுதி

இப்பகுதியில் 2,600 குறியீடுகள் வரை எழுதலாம். முழுவதையும் நிரப்ப வேண்டும் என்பதில்லை. நான் யார், என்ன செய்தேன், அதனால் என்ன விளைந்தது, இனி என்ன செய்ய விரும்புகிறேன் என்னும் நான்கு வினாக்களுக்கு விடை இருந்தால் போதும். திருத்திய வடிவத்தைப் படியுங்கள்:

“மின்பொறியியலில் பட்டயம் பெற்றுள்ளேன். மூன்று ஆண்டுகளாக விடுமுறை நாள்களில் எங்கள் குடும்பத்தின் மோட்டார் பழுதுநீக்கும் கடையில் வேலை கற்றேன். 5 குதிரைத்திறன் வரையிலான மும்முனை மோட்டார்களுக்குக் கம்பி சுற்றி, மின்காப்பைச் சோதித்துள்ளேன். பழுதுநீக்கிய பின்னும் திரும்பி வந்த மோட்டார்களைக் குறிப்பேட்டில் பதிந்து வந்தேன். தேய்ந்த பேரிங்குகளே பெரும்பான்மைக் காரணம் எனக் கண்டோம். அதன்பின் ஒவ்வொரு மோட்டாரிலும் பேரிங்கையும் சோதிக்கத் தொடங்கினோம். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகளை இயக்கப் பழகி வருகிறேன். தொழிற்சாலைப் பராமரிப்புப் பிரிவில் பணியாற்ற விரும்புகிறேன்.”

இதில் ‘உழைப்பாளி’ என்னும் சொல் இல்லை, உழைப்பு இருக்கிறது. ‘சிந்தனைத் திறன்’ என்னும் சொல் இல்லை, குறிப்பேடு இருக்கிறது.

வினைமுற்றும் வாய்மையும்

மேற்கண்ட பத்தியின் வினைமுற்றுகளை உற்றுநோக்குக. ‘கற்றேன்’, ‘பதிந்து வந்தேன்’ என்பன தன்மை ஒருமை. அவள் தானே செய்தவை. ‘தொடங்கினோம்’ என்பது தன்மைப் பன்மை. தந்தையோடும் கடைப் பணியாளரோடும் சேர்ந்து செய்தது. பலர் செய்ததை ‘நான் செய்தேன்’ என்று எழுதுவது பிறர் உழைப்பைக் கவர்வதாகும். தான் செய்ததை ‘செய்யப்பட்டது’ என்று எழுதுவதோ தன் உழைப்பைத் தானே மறைப்பதாகும்.

காலமும் அவ்வாறே. முழுமையாகக் கற்றதற்கு ‘கற்றேன்’ என்க. கற்றுக்கொண்டிருப்பதற்கு ‘பழகி வருகிறேன்’ என்க. ‘5 குதிரைத்திறன்’ என்னும் இடத்தில் ‘50’ என எழுதிவிட ஒரு நொடி போதும். ஆனால், நேர்காணலில் ‘அம்மோட்டாரை மேசைமேல் எவ்வாறு ஏற்றினீர்கள்?’ என்று ஒருவர் கேட்டால் விடை இராது. அந்த ஒரு பொய் பிற உண்மைகளின் மீதும் ஐயம் கொள்ளச் செய்யும்.

சான்று சேர்த்தல்

எழுதியவற்றுக்குச் சான்று சேர்த்தால் நம்பிக்கை வளரும். வேலையின் படிநிலைகளைக் காட்டும் ஒளிப்படங்கள், கல்லூரிச் செய்முறைத் திட்டத்தின் சுருக்கம், பயிற்சிச் சான்றிதழ் ஆகியவற்றை இணைக்கலாம். பரிந்துரை பெறும்போது குடும்பத்தாரை விடுத்து, பாடம் நடத்திய ஆசிரியரையோ கடைக்கு மோட்டார் கொண்டுவரும் தொழிற்கூட மேற்பார்வையாளரையோ அணுகுவது நன்று. ‘என்னைப் பாராட்டி எழுதுங்கள்’ என்று கேளாமல், ‘நான் செய்த இந்த வேலையைப் பற்றி எழுதுங்கள்’ என்று கேட்க வேண்டும்.

முகம் தெளிவாகத் தெரியும் அண்மைக்கால ஒளிப்படம் ஒன்று போதும். அறிந்த மொழிகளையும் குறிப்பிட வேண்டும். பெற்றோரின் பணிமாற்றத்தால் ஊர்தோறும் சென்று பயின்ற பிள்ளைகள் பலருக்கு மூன்று நான்கு மொழிகள் தெரியும். அதனை ஒரு திறனாகவே அவர்கள் எண்ணுவதில்லை. பேசத் தெரியுமா, படிக்கத் தெரியுமா, எழுதவும் தெரியுமா எனப் பிரித்து எழுதினால் அதுவும் சிறந்த தகுதியாகும்.

காத்துக்கொள்ள வேண்டியவை

ஆதார் எண், வீட்டு முகவரி, பிறந்த நாள், வங்கி விவரம் ஆகியவற்றை அனைவரும் காணும் பக்கத்தில் இடுதல் கூடாது. வேலை தருவதாகக் கூறிப் பதிவுக் கட்டணமோ முன்பணமோ கேட்பவரிடம் பணம் செலுத்தாமல், உடனே பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ தெரிவிக்க வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

• லிங்க்ட்இன் தளம் 2003ஆம் ஆண்டு மே மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. 2016இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இதனை வாங்கியது. 16 வயது நிறைந்தோரே இத்தளத்தில் கணக்குத் தொடங்கலாம்.
• நடுவண் அரசின் தொழிலாளர் மற்றும் வேலைவாய்ப்பு அமைச்சகம் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளத்தை 2015ஆம் ஆண்டு முதல் நடத்தி வருகிறது. வேலை தேடுவோர் இதில் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம்.
• ‘கி’ என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினியின் ஒருங்குறி முறையிலோ ககரமும் இகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். தமிழில் முகப்பு வரி எழுதுவோர் இதனை நினைவிற்கொள்க.

சொல்லும் பொருளும்

தன்விவரம் – ஒருவர் தம்மைப் பற்றித் தரும் குறிப்பு
பட்டயதாரர் – பட்டயப்படிப்பில் தேர்ச்சி பெற்றவர்
மின்காப்பு – மின்சாரம் கசியாமல் தடுக்கும் உறை
வாய்மை – உண்மை

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. ‘சோதிக்கத் தொடங்கினோம்’ – இது எவ்வகை வினைமுற்று?
அ) தன்மை ஒருமை ஆ) தன்மைப் பன்மை இ) முன்னிலைப் பன்மை ஈ) படர்க்கை ஒருமை

2. மாணவி தன் கடை அனுபவத்தை முதலில் எழுதாமைக்குக் காரணம்
அ) மறதி ஆ) இடமின்மை இ) கூச்சம் ஈ) தந்தையின் தடை

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. ‘எல்லார்க்கும் பொருந்தும் சொல் ஒருவரையும் அடையாளம் காட்டாது’ – விளக்குக.
2. பரிந்துரையை யாரிடம், எவ்வாறு கேட்க வேண்டும்?

இ. ஒரு பத்தியில் விடை எழுதுக.

1. மாணவி எழுதிய முதல் குறிப்பையும் திருத்திய வடிவத்தையும் ஒப்பிடுக.
2. தன்விவரத்தில் மிகைப்படுத்தி எழுதுவதால் நேரும் தீமையை உம் சொற்களில் எழுதுக.

ஈ. மொழிப்பயிற்சி: புகழ்ச்சொல்லை நீக்கி, செயலைக் கூறும் தொடராக மாற்றுக.

எடுத்துக்காட்டு: நான் பொறுப்பு மிக்கவன். – பள்ளி நூலகத்தில் இரண்டு ஆண்டுகள் நூல் வழங்கும் பதிவேட்டைப் பராமரித்தேன்.

1. நான் தலைமைப் பண்பு உடையவள்.
2. நான் கணினியில் வல்லவன்.
3. நான் பிறருக்கு உதவும் மனம் கொண்டவள்.

உ. செயல்பாடு

உம் வீட்டிலோ பள்ளியிலோ நீவிர் செய்யும் வேலைகளுள் ‘இதையெல்லாம் எழுதலாமா?’ என்று நீவிர் எண்ணும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஐந்து தொடர்களில் எழுதுக. அதனை நண்பரிடம் கொடுத்து, சான்றில்லாத சொற்களின்கீழ்க் கோடிடச் சொல்க. பின்னர்த் திருத்தி எழுதுக.